முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது: கபடி ஆடியவன் இனி என்ன செய்வது?

களத்துமேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 28. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக எங்கள் ஊர் அணிக்குக் கபடி ஆடுகிறேன். பாடிப் போவதுதான் என் பங்கு. பொங்கலை ஒட்டி நடந்த ஒரு போட்டியில், மண்ணிலேயே ஆடிப் பழகிய நாங்கள் முதன்முறையாக மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடினோம். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுச் சடாரெனத் திரும்பியபோது ஷூ விரிப்பைக் கவ்விக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது, வலது முழங்கால் திரும்பவில்லை. யாரும் என்னைப் பிடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. முருங்கைக் கிளை ஒடிவது போல் உள்ளே ஓர் ஓசை மட்டும் கேட்டது.

பத்து நிமிடத்தில் வலி அடங்கிவிட்டதால், சுளுக்கு என்று நினைத்து மறுபடியும் பாடப் போனேன். இரண்டாவது எட்டிலேயே முட்டி விலகிக் கீழே விழுந்தேன். இரவுக்குள் முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் பெரியப்பா அழைத்துப் போன இடத்தில், முட்டை வெள்ளைக்கருவோடு ஏதோ மருந்தைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வலி இல்லை. ஆனால் தொடை சூம்பியிருந்தது. தையற்கடை டேப்பை வாங்கி அளந்து பார்த்தேன். முட்டிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, இடது தொடையைவிட வலது தொடை 4 செ.மீ. குறைவு. அதன் பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தேன். ஏசிஎல் ஜவ்வு முழுதாகக் கிழிந்திருப்பதாகவும், உட்பக்க மெனிஸ்கஸில் ஒரு கிழிசல் இருப்பதாகவும் அறிக்கை சொல்கிறது.

ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும், ஒன்பது மாதம் களத்தை மறந்துவிடு என்கிறார். இன்னொருவர், மூன்று மாதம் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது ஒரு கேள்வி. இன்னொன்றைக் கேள்வி என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் களம் தெரியும். மாலை ஐந்தரை மணிக்கு விசில் ஊதினால் கை கால் பரபரக்கிறது. கீழே இறங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஊன்றுகோல் எழுதியது:

தம்பி, நான் மதுரையில் பதினாறு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். உங்கள் காலை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியதிலேயே நிறைய விவரம் இருக்கிறது.

நாம் எல்லாவற்றையும் ஜவ்வு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால் வருகிற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் காலின் கீழ் எலும்பையும் மூட்டுக்கு உள்ளே குறுக்காகப் பிணைக்கும் தசைநார். கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது அதன் வேலை. மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. கட்டுப் போட்டால் முறிந்த எலும்பு கூடும், அதில் பெரியப்பாவின் நம்பிக்கை தவறில்லை. முழுதாக அறுந்த ஏசிஎல்லின் முனைகள் மூட்டு நீரில் மிதந்துகொண்டிருப்பதால், கட்டுப் போட்டு அசையாமல் வைத்தாலும் அவை பழையபடி இறுக ஒட்டும் என்று நம்பியிருக்க முடியாது. மூன்று வார அசைவின்மை உங்கள் தொடைத் தசையைத்தான் தின்றிருக்கிறது. வலி போனதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறுவையா, பயிற்சியா என்பதற்கு முன்பாக நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டிலில் காலை நீட்டி, குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முழங்காலின் பின்பக்கம் கீழே இறங்கி, கால் முழுக்க நேராகிறதா? இடது காலோடு ஒப்பிடுங்கள். கையை முட்டிக்கு அடியில் விட்டு, அந்தக் கையை நசுக்குவது போலத் தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இடது காலில் உங்கள் விரல் நசுங்கும். வலது காலில் வெறும் நடுக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை அந்தத் தசையை இயக்கும் நரம்புக் கட்டளையை உடலே அடக்கி வைக்கும். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். வீக்கம் வடிவது, கால் முழுதாக நீள்வது, தசை விழிப்பது ஆகிய மூன்றும் நீங்கள் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் தேவை. வீங்கி விறைத்த மூட்டில் அவசரமாக அறுவை செய்தால், பிறகு மூட்டு இறுகிப்போகும் அபாயம் கூடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். கால் மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றால், கிழிந்த மெனிஸ்கஸ் மூட்டின் நடுவில் புரண்டு சிக்கியிருக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

இனி இரண்டு மருத்துவர்களின் கருத்து. இருவரும் தங்கள் அளவில் சரியானதைத்தான் சொல்கிறார்கள். சுவீடனில் சுறுசுறுப்பாக விளையாடும் இளைஞர்கள் 121 பேரை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முதலிலேயே அறுவையும் பயிற்சியும். மற்றவர்களுக்குப் பயிற்சி, தேவைப்பட்டால் பின்னர் அறுவை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வலியிலும் அன்றாட இயக்கத்திலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவை செய்துகொண்டார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இதைக் காட்டி அறுவையே வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள்: அங்கே பயிற்சி என்றால் ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்ட, மாதக்கணக்கில் நீண்ட பயிற்சி, வீட்டில் நாலு நாள் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு விடுவது அல்ல. மேலும் கபடியில் வேலையே திடீரெனத் திரும்புவதும், ஏழு பேர் பிடியிலிருந்து காலை உருவுவதும்தான். மறுபடியும் போட்டியில் பாட வேண்டும் என்பது உறுதியான ஆசையாக இருந்து, முட்டி அடிக்கடி விலகவும் செய்தால், என் சாய்வு அறுவையின் பக்கம். மெனிஸ்கஸ் கிழிசல் தைக்கக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் தீர்ப்பை மாற்றும்.

அதுவரை வீட்டுக்குள் இரண்டு சிறு காரியங்கள். படியேறும்போது நல்ல கால் முன்னே போகட்டும். இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே வரட்டும். குத்தவைக்கும் கழிப்பறையாக இருந்தால், பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து மேலே போட்டுக்கொள்ளுங்கள். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க மறக்காதீர்கள். என் நோயாளி ஒருவர் மறந்துபோய்த் தொடையில் தையலோடு வந்தார்.

செட்டர் அக்கா எழுதியது:

எனக்கு இப்போது 41 வயது. மாவட்ட அணிக்கு வாலிபால் ஆடிய காலத்தில், 23 வயதில், இதே ஓசையை நானும் கேட்டேன். அப்போது எங்கள் வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலில் கத்தி பட்டால் பேச்சு வரும் என்று சொல்லி, நடக்க முடிகிறதல்லவா, போதும் என்று விட்டுவிட்டார்கள். நானும் முட்டிப் பட்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆடினேன். எப்போதாவது ஒரு முறை முட்டி விலகும். உட்கார்ந்து ஐஸ் வைப்பேன். நாலு நாளில் மறுபடி களத்தில் நிற்பேன். ஒவ்வொரு முறை விலகும்போதும் உள்ளே மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக அரைபட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தேன். கால் பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. கோலப்பொடிக் கிண்ணத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், அப்பாவும் தம்பியும்தான் தூக்கிப் போனார்கள். அறுவையில் மெனிஸ்கஸைத் தைக்கும் நிலை கடந்துவிட்டதால், கிழிந்த பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இன்று காலையில் எழுந்தால் முதல் கால் மணி நேரம் முட்டி இறுகிக் கிடக்கிறது; பேருந்துப் படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்கேற்ற வாழ்க்கையை வாழுங்கள். முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே நடுவில் களத்தில் இறங்காதீர்கள்.

ஐந்தரை மணியைப் பற்றிக் கேட்டீர்கள். அறுவைக்குப் பிறகு முதல் மாதம் நான் களத்தின் பக்கமே போகவில்லை. சுற்றுப்பாதையில் கடைக்குப் போனேன். அது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. பிறகு எங்கள் பயிற்சியாளர் ஆள் அனுப்பி, ஸ்கோர் ஷீட் எழுத ஆளில்லை என்று கூப்பிட்டார். ஆளில்லை என்பது பொய் என்று எனக்கும் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்தபோது முதல் இரண்டு நாள் அழுகைதான் வந்தது. மூன்றாம் நாள்தான் எங்கள் அணியின் புதிய செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்), பந்தைப் பின்பக்கம் தூக்கப் போகும்போதெல்லாம் முன்கூட்டியே இடது தோளைத் தாழ்த்துவதைக் கவனித்தேன். ஆறு ஆண்டுகள் உள்ளே நின்று ஆடியபோது இந்தக் கண் எனக்கு இருந்ததில்லை. பின்னாளில் நடுவர் தேர்வு எழுதியதற்கு அந்த மேசைதான் காரணம்.

வீட்டாரிடம் எரிந்து விழுவதைப் பற்றி ஒரு வரி: காரணத்தை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். என் அம்மா, நான் வரனைப் பிடிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

சடுகுடு பையன் எழுதியது:

அண்ணா, எல்லோரும் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று பயமுறுத்துகிறார்கள். ஸ்பெயினின் இறகுப்பந்து வீராங்கனை கரோலினா மாரினுக்கு 2019 ஜனவரியில் சாய்னாவோடு ஆடும்போது இதே ஏசிஎல் கிழிந்தது. செப்டம்பரில் சீனா ஓப்பன் பட்டத்தையே வாங்கிவிட்டார். மனசில் தெம்பு இருந்தால் ஆறு மாதத்தில் முடியாதா?

ஊன்றுகோல் எழுதியது:

தம்பி, மாரினின் தெம்பில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதை 2019இல் முடியவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னால் அவருடைய மற்ற முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. 2024இல் பாரிஸ் அரையிறுதியில் வெற்றியின் விளிம்பில் நின்றபோது, முதலில் அடிபட்ட அதே வலது முழங்கால் மறுபடியும் போனது. அவசரப்பட்டதால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வெற்றியை மட்டும் எடுத்து நாள் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன். ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30இல் விபத்தில் சிக்கி, முழங்கால் தசைநார்களுக்கு அறுவை செய்துகொண்டு மறுபடி போட்டியில் இறங்கியது 2024 மார்ச்சில். ஏறக்குறைய 15 மாதம். சேப்பாக்கத்தில் அவர் 109 அடித்தது அதற்கும் ஆறு மாதம் கழித்து.

காத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாகப் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நம்முடைய தசைநாணையே எடுத்து வைக்கிறார்கள். வைத்த நாளில் அது வலுவாகத்தான் இருக்கும். பிறகு அதற்குப் புதிய இரத்த ஓட்டம் வந்து, பழைய இழை கரைந்து புது இழை உருவாகும் முதல் சில மாதங்களில் அது தளர்ந்துபோகும். வலியில்லாமல், வீக்கமில்லாமல், "நான் நன்றாகிவிட்டேன்" என்று ஆட்டக்காரருக்குத் தோன்றுவதும் அதே மாதங்களில்தான். நார்வேயிலும் அமெரிக்காவிலும் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம்வரை களம் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி அடிபடும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாதம் முடிந்தால் மட்டும் போதாது. தொடையின் வலிமையிலும் ஒற்றைக்காலில் தாவும் தூரத்திலும், அடிபட்ட கால் மற்ற காலின் அளவில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது நாங்கள் பார்க்கும் கணக்கு.

முதலில் கேள்வி கேட்ட களத்துமேடு தம்பிக்கும் ஒன்று. 2014இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அறுவைக்குப் பின் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு. போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடு. கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு எண்களும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாவது மலை எழுதியது:

அறுவை செய்துகொள்ளாதவன் ஒருவனும் பேச வேண்டும் அல்லவா. கோவைக்காரன், வயது 46. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தில் ஏசிஎல் போனது, மெனிஸ்கஸ் தப்பியது. கால்பந்து எனக்குப் பிழைப்பும் அல்ல, பெருமையும் அல்ல என்பதால் அதை விட்டேன். ஏழு மாதம் பிசியோ சொன்னபடி பயிற்சி செய்தேன். இப்போது சைக்கிள் ஓட்டுகிறேன், ஓடுகிறேன், இரண்டு முறை வெள்ளியங்கிரி ஏறி இறங்கிவிட்டேன். நேர்கோட்டில் போகும் எதுவும் என் முட்டிக்குத் தொந்தரவில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி மற்றவர்களுக்கு வழக்கம், எனக்கு அது மூன்றாவது கால். ஒரே ஒரு முறை, வீட்டில் பேரப்பிள்ளை வயதுப் பையனோடு ஓடிப்பிடித்து விளையாடித் திரும்பியபோது முட்டி நழுவியது. மலை விட்டதை வராந்தா பிடித்துக்கொண்டது.

ஆடுகிறவன் சாப்பாட்டை ஆடாதவன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: முதல் நான்கு மாதத்தில் ஏழு கிலோ ஏறினேன், அதையும் அந்த முட்டிதான் சுமந்தது. முட்டையையும் பருப்பையும் குறைக்காமல் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்தால் போதும்.

இன்னொன்று. நீங்கள் ஆலையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் சம்பளப் பிரிவில் இருப்பவன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருக்கும்; சம்பளச் சீட்டில் 0.75 விழுக்காடு கழிகிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் வாங்கும் முன் உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை கேளுங்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழோடு விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள்வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். மேஸ்திரி வாய்மொழியாகக் கொடுக்கும் லீவை நம்பி இந்தச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள்.

களத்துமேடு எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது. மூன்று முறை அலைந்து பரிந்துரை வாங்கிவிட்டேன். அறுவை செய்துகொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். நடுவில் ஆலைப் படியில் ஒரு முறையும், வண்டியை ஸ்டாண்ட் போடும்போது ஒரு முறையும் முட்டி விலகியது. அக்கா எழுதியதைப் படித்த பிறகு அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வைகாசியில் எங்கள் ஊர்த் திருவிழா முடிந்ததும் தேதி.

துண்டுச் சோதனையில் முதல் நாள் முட்டிக்கு அடியில் என் கை தாராளமாகப் போய் வந்தது, இரண்டு விரல் இடைவெளி. இப்போது கையை வைத்தால் இடது கால் போலவே நசுங்குகிறது. தொடை வித்தியாசம் 4 செ.மீ.யிலிருந்து இரண்டரையாகக் குறைந்திருக்கிறது. நாற்காலியை அறுத்துவிட்டேன், உப்புத்தாளும் போட்டேன்.

பதினைந்து நாளாக மாலையில் களத்துக்குப் போகிறேன். உள்ளூர்ப் போட்டி என்பதால் மேசை கிடையாது, திண்ணையில் சிலேட்டு வைத்துக்கொண்டு புள்ளி எழுதுகிறேன். எனக்குப் பதிலாகப் பாடும் பையன் போனஸ் எடுக்கப் போகும் முன் ஒவ்வொரு முறையும் வலது கையை இடுப்பில் துடைக்கிறான். எதிரணி மூலைக்காரர் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார் என்பதை அவனிடம் நேற்றுச் சொன்னேன். நம்பவில்லை, இன்று மறுபடி பிடிபட்டான். மேட் விரிப்பில் ஆடப் போகும் முன் ஷூவோடு ஒரு வாரமாவது பழகிக்கொள்ள வேண்டும் என்றும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஊன்றுகோல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பழைய கைலியைத் தைத்து மணல் நிரப்பி இரண்டு கிலோவில் ஒரு பை செய்து வைத்திருக்கிறேன். அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு காலை நேராகத் தூக்கும்போது, கடைசி நாலைந்து தடவை முட்டி லேசாக மடங்கிவிடுகிறது. எடையைக் குறைக்கவா, எண்ணிக்கையைக் குறைக்கவா?